யானை வரும் வழியில் குப்பைச் செய்தி

நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டித்தான் எங்கள் வீடு. விடிகாலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், டியூஷன் முடிந்து இருட்டில் திரும்பும் பிள்ளைகள், கடையை அடைத்துவிட்டு நடந்து வருகிறவர்கள் என எல்லோரும் கிளம்புவதற்கு முன் செல்போனை ஒரு தடவை பார்ப்பார்கள். எந்தப் பாதையில் யானை நிற்கிறது என்று எங்கள் டெலிகிராம் குழுவில் யாராவது போட்டிருப்பார்கள். அந்தக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் நான்கு பேரில் நானும் ஒருத்தி.

குழு பெரிதானதும் குப்பையும் வந்தது. "வீட்டிலிருந்தே தினம் 5,000 ரூபாய்", "ஆதார் போதும், 10 நிமிடத்தில் கடன்", "பரிசு வென்றீர்கள், இந்த லிங்க்கைத் தொடவும்". ஒரு நாள் சாயங்காலம் குழுவைத் திறந்தேன். வரிசையாகக் கடன் விளம்பரங்கள். விரலால் தள்ளிக்கொண்டே போனால், அவற்றுக்கு அடியில் ஒரே ஒரு வரி: "பாலத்துக்குக் கீழே ரெண்டு நிக்குது, குட்டியோட." அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வரி எத்தனை பேர் கண்ணில் படாமல் போயிருக்கும் என்ற நினைப்பு என்னை விடவில்லை. குப்பையைத் தானாகவே பிரித்தெடுக்கும் முறைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

முதலில் ஒரு கேள்வி. யாருமே தொடாத இந்த லிங்க்குகளை ஏன் இப்படி விடாமல் அனுப்புகிறார்கள்? 2008இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் குப்பை மின்னஞ்சல் அனுப்பும் ஒரு கணினி வலைக்குள் புகுந்து கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய 35 கோடி மின்னஞ்சல்களுக்கு 28 பேர்தான் பொருள் வாங்க முன்வந்தார்கள். கோடிக்கு ஒருவர்கூட இல்லை. அப்படியும் தொழில் நடக்கிறது, ஏனென்றால் அனுப்புகிறவருக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. தபால்தலை ஒட்ட வேண்டும் என்றால் ஒருவரும் 35 கோடி கடிதம் போட மாட்டார். செலவு முழுவதும் பெறுகிறவர் தலையில் விழுகிறது. எங்கள் ஊரில் அந்தச் செலவு கவனம்தான்.

சரி, இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, கெட்ட சொற்களின் பட்டியல் ஒன்றைப் போட்டு, 'கடன்' என்று வந்தால் அழித்துவிடுவது. நாங்களும் அதைத்தான் செய்தோம். கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் மனு வாங்குகிறார்கள் என்று ஒருவர் போட்ட நல்ல தகவலும் சேர்ந்து போனது. ஒரு சொல் வந்ததா இல்லையா என்று பார்ப்பது போதாது. எவ்வளவு தூரம் சந்தேகப்படலாம் என்று அளக்க வேண்டும்.

அந்த அளவுகோலைத் தந்தவர் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். அவர் 1761இல் இறந்தார். அவர் எழுதி வைத்திருந்ததை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் எடுத்துக் கொடுக்க, 1763இல் அச்சானது. அவர் வழிவந்த கணக்கைக் குப்பை மின்னஞ்சலுக்குப் பொருத்தலாம் என்று 1998இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கணக்கு இதுதான். எண்களை எளிதாக்கிச் சொல்கிறேன். பழைய செய்திகள் 1,000 எடுத்துக் கையால் பிரித்தோம் என்று வைத்துக்கொள்வோம். குப்பை 200, நல்லவை 800. குப்பையில் 120 செய்திகளில் லிங்க் இருக்கிறது, நல்லவற்றில் 40இல் இருக்கிறது. இப்போது லிங்க்கோடு புதிதாக ஒன்று வருகிறது. லிங்க் இருந்த 160இல் 120 குப்பை என்பதால், இது குப்பையாக இருக்கும் வாய்ப்பு 75 சதவீதம். அதாவது 3க்கு 1.

அதே செய்தியில் 'பரிசு' என்ற சொல்லும் இருக்கிறது. குப்பையில் 100க்கு 40இல் வரும் சொல், நல்லவற்றில் 100க்கு 1இல்தான் வருகிறது என்றால், சந்தேகம் 40 மடங்கு கூடும். 3க்கு 1 என்பது 120க்கு 1 ஆகிவிடும், 99 சதவீதத்துக்கும் மேல். மாறாக 'பரிசு' இல்லை, 'யானை' இருக்கிறது. அந்தச் சொல் குப்பையில் 100க்கு 1, நல்லவற்றில் 100க்கு 20. சந்தேகம் 20 மடங்கு குறைந்து 3க்கு 20 ஆகிறது, சுமார் 13 சதவீதம். யானை நிற்கும் இடத்தை மேப் லிங்க்கோடு போட்டவரின் செய்தி பிழைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகச் சாட்சி சொல்கிறது என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. உண்மையில் 'பரிசு'ம் 'வென்றீர்கள்'உம் கைகோத்துத்தான் வரும். ஒரே சாட்சியை இரண்டு தடவை எண்ணுவது மாதிரி. அந்தக் குறையோடும் இது நன்றாகவே வேலை செய்கிறது. இன்னொரு சிக்கல், முன்பு குப்பையில் ஒரு தடவைகூட வராத சொல். அதன் வாய்ப்பு பூஜ்யம் என்று வைத்துப் பெருக்கினால் மொத்தச் சந்தேகமும் பூஜ்யமாகிவிடும். அதனால் எல்லாச் சொல்லின் எண்ணிக்கையிலும் ஒன்றைக் கூட்டிவிட்டுக் கணக்குப் போடுவார்கள். பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் காட்டிய வழி அது.

வாய்ப்பு கிடைத்துவிட்டது. எத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் அழிப்பது? எனக்கு இதைப் புரியவைத்தது தேயிலை ஃபேக்டரி. அரைத்து உலர்த்திய தூளில் நாரும் குச்சியும் கலந்திருக்கும். கம்பளியில் உரசி மின்னேற்றிய பிளாஸ்டிக் ரோலர்களுக்கு அடியில் தூளை ஓட விடுவார்கள். லேசான நார் மேலே ஒட்டிக்கொள்ளும், தூள் கீழேயே போய்விடும். ரோலரை மிகவும் தாழ்த்தினால் நாரோடு நல்ல தூளும் ஏறிக்கொள்ளும். உயர்த்தினால் நார் தப்பித்துத் தூளோடு போய்விடும். இரண்டு தவறும் ஒருசேர இல்லாத உயரம் என்று ஒன்று கிடையாது. எந்தத் தவறை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டுத் தானாகவே அழிக்கும் ஒரு பாட்டை, அதாவது சின்ன நிரலை, குழுவில் சேர்த்திருந்தோம். அதன் அளவை 70 சதவீதத்தில் வைத்தோம். அது தவறு.

குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், மலையாளி. எங்கள் பக்கம் தமிழ், மலையாளம், கன்னடம் எல்லாம் ஒரே டீக்கடையில் கேட்கும். அவன் மலையாளத்தைத் தமிழ் எழுத்தில் அடித்து, மேப் லிங்க்கும் போட்டிருந்தான்: "ரோட்டில் ஆன உண்டு." மலையாளத்தில் 'ஆன' என்றால் யானை. தமிழில் அது 'தயார் ஆன', 'முடிவு ஆன' என்று எங்கும் வந்துபோகும் சொல், எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. 'உண்டு'வும் அப்படித்தான். மிஞ்சியது லிங்க் மட்டும். 75 சதவீதம். பாட் அழித்துவிட்டது. சற்று நேரம் கழித்து அவனே போன் செய்தான். "சேச்சி, நான் போட்ட மெசேஜ் எங்கே போச்சு?" எனக்குக் கை நடுங்கியது.

தமிழுக்கென்றே சில சிக்கல்கள் இருக்கின்றன. 'யானை', 'யானையை', 'யானைங்க', 'யானைக்கூட்டம்' எல்லாம் இயந்திரத்துக்கு வெவ்வேறு சொற்கள். அதனால் முழுச் சொல்லாக எண்ணாமல் மூன்று, நான்கு எழுத்துத் துண்டுகளாக நறுக்கி எண்ணினோம். அப்புறம் எழுத்துக்குள்ளேயே ஒரு குழப்பம். 'கொ' என்பதில் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் கணினியில் வைக்கலாம், இரண்டு தனிக்குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு இரண்டு. ஏமாற்ற நினைப்பவருக்கு இன்னும் வசதி உண்டு. தமிழ் எண் ௧ பார்க்க 'க' மாதிரியே இருக்கும். ௭ 'எ' மாதிரி, ௮ 'அ' மாதிரி. '௧டன்' என்று அடித்தால் நாம் கடன் என்றே படிப்போம், இயந்திரம் அப்படி ஒரு சொல்லைப் பார்த்ததே இல்லை என்று விட்டுவிடும். எண்ணும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது அதனால்தான் முதல் வேலை.

எழுத்தை விட்டுவிட்டுப் படமாக அனுப்பினால் சொல் எண்ணும் முறையே கைவிட்டுவிடும். அங்கே, என்ன சொல்கிறார் என்பதைவிட எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்ப்பது பலன் தரும். சேர்ந்த இரண்டாவது நிமிடம் லிங்க் போடுகிறாரா? ஒரே படத்தை ஒரே நேரத்தில் பல குழுக்களில் போடுகிறாரா? வாட்ஸ்அப் நிறுவனத்துக்கு இதைத் தவிர வேறு வழியும் குறைவு. 2016 முதல் செய்திகள் முழுக்கப் பூட்டியே போவதால், வழியில் அவர்களாலும் படிக்க முடியாது. குழந்தை கடத்துகிறார்கள் என்ற வதந்தியால் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டது 2018இல். அந்த ஆண்டுதான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 இடங்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி அவர்கள் மாற்றினார்கள். 2020இல், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓரிடத்துக்கு மட்டும் என்று இறுக்கினார்கள். அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. தபால்தலை இல்லாத இடத்தில் கொஞ்சம் சிரமத்தை வைப்பது என்பது இதுதான்.

இப்போது எங்கள் பாட் இரண்டு அளவுகளில் இயங்குகிறது. 99க்கு மேல் போனால் அழிக்கும். 70க்கும் 99க்கும் நடுவில் இருந்தால் எடுத்து வைத்துவிட்டு எங்கள் நான்கு பேருக்கும் மணி அடிக்கும். மாலை 6 முதல் காலை 7 வரை மேப் லிங்க் உள்ள எதையும் அது தொடாது. "இன்னும் உறுதியாகவில்லை" என்று அடியில் ஒரு வரி மட்டும் சேர்க்கும். ராத்திரியில் சில விளம்பரங்கள் தப்பி வருகின்றன, வரட்டும்.

இயந்திரத்தால் முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. எங்கோ, எப்போதோ எடுத்த யானை வீடியோவை, "இப்போ நம்ம ஊர் செக்போஸ்ட் பக்கம்" என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு ஃபார்வர்ட் செய்வார். சொற்கள் எல்லாம் சரி, ஆளும் பழைய ஆள். பாட் கைதட்டி உள்ளே விடும். பார்த்து நம்பிய மக்கள் சுற்றுப்பாதையில் போவார்கள், நிஜ யானை அந்தப் பாதையில் நிற்கலாம். இதற்கு நாங்கள் போன்தான் செய்கிறோம். "எந்த வளைவு? எந்தப் பக்கம் பார்த்து நிக்குது? குட்டி இருக்கா?" கண்ணால் பார்த்தவர் மூச்சு விடாமல் சொல்வார். பார்க்காதவர், "எனக்கும் வந்துச்சுக்கா" என்பார். உடனே வீடியோவை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று குழுவில் ஒரு வரி எழுதுவோம். காரணம் சொல்லாமல் எடுத்தால் அடுத்த தடவை நிஜமாகப் பார்த்ததையும் போடத் தயங்குவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு பேரும் உட்கார்ந்து, அந்த வாரம் பாட் தடுமாறிய செய்திகளைக் கையால் பிரித்து அதற்கு மறுபடி கற்றுக்கொடுக்கிறோம். அந்தப் பையன் இப்போது ஐந்தாவது ஆளாக வருகிறான். போன வாரம் அவன் சொல்லச் சொல்லச் சேர்த்தவை: ஆன, கொம்பன் (தந்தம் உள்ள ஆண் யானை), மோழ (தந்தம் இல்லாத ஆண் யானை). கூடவே கன்னடக்காரர்கள் எழுதும் ஆனெ, நம்முடைய ஆனை, மக்னா (இதுவும் தந்தம் இல்லாத ஆண் யானைதான்). 'பிடி' என்பதை மட்டும் இன்னும் சேர்க்கவில்லை. பெண் யானைக்கும் அதுதான் பெயர், "இந்த வாய்ப்பை உடனே பிடி" என்று வரும் விளம்பரத்திலும் அதுதான் இருக்கிறது.