டோக்கன் யார் கையில் இருக்கிறது?

சென்ற மாதம் ஒரு பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தேன். மெயில் தளத்தின் முகவரியை அடித்தேன். பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. முன்பின் தெரியாத ஒரு மாணவியின் இன்பாக்ஸ் விரிந்தது. மேலே ஹால் டிக்கெட், அதற்குக் கீழே வங்கி பாஸ்புக்கின் போட்டோ. உடனே லாக் அவுட் செய்துவிட்டேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை முடிந்ததும் பிரவுசரை மூடிவிட்டுத்தான் எழுந்து போயிருப்பார். பிறகு எப்படித் திறந்துகொண்டது?

இணையதளங்கள் பேசிக்கொள்ளும் எச்டிடிபி முறைக்கு இயல்பாக ஞாபகம் கிடையாது. தளத்தை நடத்தும் கம்ப்யூட்டரான சர்வருக்கு, ஒவ்வொரு கிளிக்கும் புது ஆள் வந்த மாதிரிதான். இப்படியே விட்டால் பக்கத்துக்குப் பக்கம் பாஸ்வேர்டு கேட்க வேண்டியிருக்கும். இதற்கு 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மொன்டுல்லி கண்ட வழிதான் குக்கி. பாஸ்வேர்டு சரியாக இருந்தால், சர்வர் யாராலும் ஊகிக்க முடியாத நீளமான ஒரு குறியீட்டை உருவாக்கி, குக்கியாக பிரவுசரிடம் கொடுக்கும். அடுத்து நீங்கள் எதைத் தொட்டாலும் பிரவுசர் அதைச் சேர்த்து அனுப்பும்.

கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள் அல்லவா, அதேதான். திரும்பி வரும்போது யாரும் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, டோக்கனைத்தான் பார்ப்பார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: இந்த டோக்கன் உங்கள் பையில் இல்லை, கடைக்காரரின் கம்ப்யூட்டரில் கிடக்கிறது.

சில குக்கிகள் பிரவுசரை மூடியதும் அழிய வேண்டியவை. ஆனால் "விட்ட இடத்திலிருந்து தொடர்க" என்ற அமைப்பை குரோமில் யாராவது போட்டு வைத்திருந்தால் அவையும் தங்கிவிடும். "என்னை நினைவில் வை" என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தால் கேட்கவே வேண்டாம், குக்கி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். லாக் அவுட் அப்படியல்ல. ஒழுங்காகக் கட்டிய தளங்களில், சர்வர் தன் பதிவேட்டிலேயே அந்த டோக்கனை ரத்து செய்துவிடும். அதன் பிறகு யாரிடம் அதன் நகல் இருந்தாலும் செல்லாது.

சரி, உலவிய தடத்தைச் சேமித்து வைக்காத இன்காக்னிட்டோ விண்டோ? நல்ல பழக்கம்தான். அதில் குக்கிகள் தற்காலிகமாகவே இருக்கும். எல்லா இன்காக்னிட்டோ விண்டோக்களையும் மூடினால் போய்விடும். "எல்லா" என்ற சொல்லைக் கவனியுங்கள். பின்னால் ஒன்று மறைந்து கிடந்தாலும் அதே குக்கிகள் தொடரும். அப்புறம், நீங்கள் டவுன்லோடு செய்த ஃபைலை இன்காக்னிட்டோ தொடவே தொடாது.

எனக்கு அதிகம் கவலை தருவது இந்த ஃபைல்கள்தான். பிரிண்ட் எடுக்க இறக்கிய ஆதார் பிடிஎஃப் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கும். அதற்குப் பூட்டு உண்டே என்பீர்கள். பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அந்தப் பூட்டின் சாவி. பக்கத்தில் உங்கள் விண்ணப்பமும் கிடந்தால் இரண்டுமே அதில் இருக்கும். டெலிட் செய்தால் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். அதையும் காலி செய்யுங்கள். அப்போதும் ஹார்டு டிஸ்க், அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளுமே தவிர, வேறு ஏதாவது மேலே எழுதப்படும்வரை பழைய தகவலை அழிக்காது. அதனால் முடிந்த இடத்திலெல்லாம் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரையே இறக்குங்கள்.

கீபோர்டில் அடிப்பதையெல்லாம் பதிவு செய்யும் கீலாக்கர் அந்த கம்ப்யூட்டரில் இருந்தால் மேலே சொன்ன எதுவும் காப்பாற்றாது. டோக்கன் ரத்தானாலும் பாஸ்வேர்டே போய்விட்டதே. எனவே வங்கிக் கணக்கைப் பொதுக் கம்ப்யூட்டரில் திறக்கவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

லாக் அவுட் செய்ய மறந்து வீட்டுக்கு வந்துவிட்டீர்களா? கூகுள் கணக்கின் "உங்கள் சாதனங்கள்" பக்கத்தில் அந்த கம்ப்யூட்டரைத் தேடி வெளியேற்றலாம். வாட்ஸ்அப் வெப் என்றால் போனில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதிக்குப் போங்கள். போனில் நெட்டை அணைத்தால் அங்கேயும் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 2021-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு அப்படி இல்லை. போன் இணைப்பில் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டரில் செய்திகள் வந்துகொண்டே இருக்கும்.

அன்று கிளம்பும் முன் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். பிரவுசரை மூடும்போதெல்லாம் தளங்கள் சேமித்த தகவலை அழிக்கும் அமைப்பு குரோமிலேயே இருக்கிறது என்று காட்டினேன். "இது இத்தனை நாளா தெரியாம போச்சே" என்றவர், கடையிலிருந்த நான்கு கம்ப்யூட்டர்களிலும் அப்போதே அதைப் போட்டுவிட்டார்.