அக்காவுக்குப் போன் போடும் முன்

கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் முற்றினால் நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: ஒருவர் "சரி, விடு" என்று எழுந்து போவார், அல்லது அம்மாவுக்கோ அக்காவுக்கோ போன் போகும். வீடு அமைதியாகிவிடும். சண்டைக்குக் காரணமான விஷயம் அப்படியே கிடக்கும்.

குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் இதை முக்கோணம் என்றார். இருவருக்கிடையிலான பதற்றம் தாங்க முடியாமல் போகும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுக்கிறோம். அக்காவிடம் கொட்டியதும் மனசு லேசாகிவிடுகிறது. கணவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லும் வேகமும் அதோடு போய்விடுகிறது. பத்து நாளில் இவர்கள் சமாதானமாகிவிடுவார்கள், அக்காதான் மாப்பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதைவிட மோசம், மூன்றாம் ஆளாகப் பிள்ளை மாட்டுவது. "அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆயிடுச்சுன்னு" என்பதில் தொடங்கும் அது.

தன் கருத்தையும் விடாமல், உறவையும் அறுத்துக்கொள்ளாமல் எதிரே உட்கார்ந்திருப்பது ஒரு பயிற்சி. முதலில் உடம்பைப் பாருங்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் ஏறாது என்கிறார் தம்பதிகளை ஆய்வு செய்த ஜான் காட்மன். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 நொடி எண்ணுங்கள். 25-க்கு மேல் போனால் பேச்சை நிறுத்துங்கள். உடம்பின் படபடப்பு இறங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும்.

நிறுத்தும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நேரம் சொல்லாமல் எழுந்து போனால் அது புறக்கணிப்பாகவே படும். "ஒன்பது மணிக்குப் பேசலாம்" என்று சொல்லுங்கள். நிறுத்தியவரே திரும்பி வந்து ஆரம்பிக்க வேண்டும். இடைவேளையில் அடுத்து என்ன கேட்கலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தால் துடிப்பு இறங்காது. பாத்திரம் தேய்க்கலாம், மாடியில் நடக்கலாம். வாட்ஸ்அப் வேண்டாம்.

பேச்சைத் தொடங்கும்போது "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்றால் எதிர்வாதம்தான் வரும். ஒரு சம்பவம், அதனால் உங்களுக்கு என்ன ஆனது, இனி என்ன வேண்டும், இவ்வளவு போதும்: "தங்கச்சிக்குப் பத்தாயிரம் கொடுத்தது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. கஷ்டமா இருந்துச்சு. ஐயாயிரத்துக்கு மேலன்னா முன்னாடியே சொல்லுங்க."

அன்றே தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். காட்மனின் ஆய்வில் தம்பதிகளின் பிரச்சினைகளில் 69 சதவீதம் முழுதாகத் தீராமல் திரும்பத் திரும்ப வருபவை. பணம், மாமியார் வீடு, பிள்ளை வளர்ப்பு எல்லாம் அந்த வகைதான். ஐயாயிரம் என்ற கணக்கையே ஆறு மாதத்தில் மறுபடி பேச வேண்டி வரலாம். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறவர்கள்தான் சீக்கிரம் சலித்துப் போகிறார்கள்.

இவையெல்லாம் இருவரும் பயமில்லாமல் வாய் திறக்க முடிகிற வீடுகளுக்கு. அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்கி வைப்பது இருந்தால் அது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வரும். அங்கே எதிரே உட்கார்ந்து பேச முயல வேண்டாம்; பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். அந்த நிலையில் அக்காவுக்கும் தாராளமாகப் போன் போடலாம்.