முதுமையா, மருத்துவத்தின் விலையா?

முதியவர்கள் பெருகுகிறார்கள், அதனால் நாட்டின் மருத்துவச் செலவு எகிறப்போகிறது என்று அடிக்கடி படிக்கிறோம். முதியவர்கள் பெருகுவது உண்மை. செலவு ஏறுவதும் உண்மை. அந்த ‘அதனால்’ மட்டும்தான் கொஞ்சம் இடிக்கிறது.

கணிப்பாளர்கள் இரண்டு பட்டியல்களோடு தொடங்குகிறார்கள். எந்த வயதில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது ஒன்று. அந்த வயதில் தலைக்கு எவ்வளவு செலவாகும் என்பது மற்றொன்று. பெருக்கிக் கூட்டினால் மொத்தத் தொகை. முதல் பட்டியலைப் பெரும்பாலும் நம்பலாம். முப்பது ஆண்டு கழித்து எழுபது வயதாகப்போகிறவர்களுக்கு இன்று நாற்பது. அவர்களை எண்ணிவிட முடியும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 பேரில் 80 பேர் இளையவர்கள், தலைக்கு 1 அலகு செலவு. 20 பேர் முதியவர்கள், தலைக்கு 4 அலகு. மொத்தம் 160. முப்பது ஆண்டில் முதியவர்கள் 30 பேராகிவிட்டால் 190. அதாவது சுமார் 19 சதவீத உயர்வு, ஆண்டுக்கு 0.6 சதவீதம்கூட இல்லை. மாறாக, யாருக்குமே வயது கூடாமல், தலைக்கு ஆகும் செலவு மட்டும் ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறினால்? முப்பது ஆண்டில் 81 சதவீத உயர்வு!

அந்த 0.6-கூட மிகையாக இருக்கலாம். முதியவர்களின் சராசரிச் செலவு உயர்ந்து நிற்க ஒரு முக்கியக் காரணம், அவர்களில் பலர் மரணத்தை நெருங்கியிருப்பது. அமெரிக்காவில் முக்கியமாக முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் திட்டத்தில் ஓராண்டில் இறப்பவர்கள் ஏறக்குறைய 5 சதவீதம். செலவில் கால் பங்கு, வாழ்வின் கடைசி ஆண்டில் இருப்பவர்களுக்கே போகிறது. ஆயுள் நீண்டால் அந்தக் கடைசி ஆண்டு தள்ளிப்போகிறதே தவிர இரண்டாகிவிடுவதில்லை. பீட்டர் ஸ்வைஃபலும் சக பொருளியலாளர்களும் 1999-இல் இதைச் சொன்னபோது பெரிய விவாதமே கிளம்பியது. ஒரு விதிவிலக்கு உண்டு. குளிப்பாட்டுவது, உணவூட்டுவது போன்ற நீண்டகாலப் பராமரிப்புச் செலவு வயதோடு சேர்ந்தே ஏறுகிறது.

கணிப்பைக் கவிழ்ப்பது இரண்டாவது பட்டியல்தான். 2013 இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோயைப் பெரும்பாலானோருக்குக் குணப்படுத்தியது. 12 வாரச் சிகிச்சைக்கு அறிவித்த விலை 84,000 டாலர். அதற்கு முந்தைய ஆண்டுகளின் எந்த வயதுவாரிப் பட்டியலில் இது இருந்திருக்கும்? வருமானம் கூடினால் மக்களும் அரசும் மருத்துவத்துக்கு அதிகம் செலவிடுகிறார்கள் என்பது வேறு. போதாததற்கு, பொருளியலாளர் வில்லியம் பாமல் 1960-களில் விளக்கிய சிக்கலும் உண்டு: தொழிற்சாலையில் ஓர் ஊழியரின் உற்பத்தி பெருகப் பெருகச் சம்பளம் ஏறுகிறது. செவிலியர் ஒரு புண்ணுக்குக் கட்டுப்போட எடுக்கும் நேரமோ அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அவருக்கும் சம்பளம் ஏறியாக வேண்டும், இல்லையென்றால் வேலைக்கு ஆள் கிடைக்காது.

இதனால்தான் ஒற்றை எண்ணைச் சொல்லும் கணிப்பை நான் நம்புவதில்லை. ஐரோப்பிய ஆணையத்தின் 2024 முதுமை அறிக்கை, 2070 வரைக்கும் பல சூழல்களுக்குத் தனித்தனியாகக் கணக்கிட்டிருக்கிறது. ஆயுளோடு ஆரோக்கியமும் கூடினால் ஒரு தொகை, கூடாவிட்டால் வேறொன்று.

மெடிக்கேர் கணக்கர்கள் 75 ஆண்டு தொலைவுக்குப் பார்க்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டு உற்பத்தியில் 1960-இல் 5 சதவீதமாக இருந்த மருத்துவச் செலவு இப்போது 17-ஐத் தாண்டிவிட்டது. அதே வேகத்தில் கோட்டை நீட்டினால் மற்றதற்கெல்லாம் பணமே மிஞ்சாது. எனவே செலவின் வேகம் நாளடைவில் தணியும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறார்கள். தணிக்கப்போவது விலைக் கட்டுப்பாடா, காப்பீட்டில் வெட்டா, மலிவான சிகிச்சையா என்பதற்குச் சூத்திரத்தில் இடமில்லை.