கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கூடுதல் கணக்கு கொடுக்காதீர்கள்

பள்ளிகளில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்தால் போதும், "புத்திசாலிதான் மேடம், ஆனா கணக்கு பீரியடுல அடங்க மாட்டேங்குது" என்று வரிசையாக வருவார்கள். போன வாரம் வந்த நாலாம் வகுப்புப் பெண்ணின் ரஃப் நோட்டைப் பார்த்து எனக்குக் கோபமே வந்துவிட்டது. 7×7=49, 6×8=48, 5×9=45, 4×10=40 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, 49-லிருந்து எவ்வளவு குறைகிறது என்று ஓரத்தில் 1, 4, 9 குறித்து, பக்கத்திலேயே 1×1, 2×2, 3×3 என்றும் போட்டிருக்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை. அதன்மேல் சிவப்பு மையில் "கிறுக்காதே".

"அவ்வளவு திறமை இருந்தா செண்டம் வாங்கணும்ல?" என்று கேட்கிறார்கள். வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மார்க் என்பது சொல்லிக்கொடுத்ததைத் தப்பில்லாமல் திருப்பி எழுதுவதற்கு. அபாகஸ் வேகம் பழக்கத்தால் வருவது, நல்லதுதான், ஆனால் அது வேறு. பள்ளிப் பிள்ளைகளுக்கான உலகக் கணக்குப் போட்டியான சர்வதேச கணித ஒலிம்பியாட்டில் ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம், மூன்றே மூன்று கணக்கு. ஒரே கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளையைத்தான் நாம் "ஸ்லோ" என்கிறோம்.

இருபது கணக்கை முடித்துவிட்டால் இன்னும் இருபது கொடுப்பது தண்டனை. பிள்ளை அதிலிருந்து மெதுவாக முடிக்கக் கற்றுக்கொள்ளும், அப்புறம் முடிக்காமலே விட்டுவிடும். (பெண் பிள்ளைகள் பெரும்பாலும் அடம்பிடிப்பதில்லை, சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுகிறார்கள், அதனால் நம் கண்ணில் படுவதே இல்லை.)

பெற்றோரே, பள்ளிக்குப் போய் "என் பிள்ளை ஜீனியஸ்" என்று ஆரம்பிக்காதீர்கள். ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு, ஹெச்.எம்.மிடம் போகும் முன் கணக்கு டீச்சரிடம் தனியாகப் பேசுங்கள். இருபதுக்குப் பதில் கஷ்டமான ஐந்து கணக்கு கேளுங்கள். டபுள் பிரமோஷன் பேச்சு இப்போது வேண்டாம். ஐந்தாம் வகுப்பிலிருந்து இந்தியக் கணித ஆசிரியர் கழகத்தின் திறனறிப் போட்டி இருக்கிறது, எட்டாம் வகுப்பிலிருந்து ஒலிம்பியாட் தகுதித் தேர்வு இருக்கிறது, பிள்ளைக்கு ஆசை இருந்தால் எழுதட்டும். அதற்காக இப்போதே கோச்சிங்கில் தள்ளிவிடாதீர்கள், தயவுசெய்து.

ஆசிரியர்களே, நாற்பது பேரை வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடு தெரியும். ஸ்டெப் எழுதாத பிள்ளைக்கு மார்க்கைக் குறைக்கும் முன், "எப்படிப் போட்டே, சொல்லு" என்று ஒருமுறை கேளுங்கள். வாயால் சொல்ல வந்துவிட்டால் எழுதவும் வந்துவிடும். உங்களுக்கு நேரமே இல்லையென்றால், வாரத்தில் ஒரு பீரியடாவது மேல் வகுப்புக் கணக்கு ஆசிரியரிடம் அனுப்பிவையுங்கள்.