கிளே சுடுதலுக்கு முதல் துப்பாக்கி வாங்கும் முன்

பயிற்சி தொடங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அந்த இளைஞர் சட்டைப் பொத்தானைக் கழற்றி வலது தோளைக் காட்டினார். கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. இணையத்தில் படத்தைப் பார்த்து, விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக, குழல்கள் பக்கம் பக்கமாக அமைந்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை அவர் வாங்கியிருந்தார். அதன் எடை ஆறேகால் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.8 கிலோ. வயல்வெளியில் நாள் முழுதும் தூக்கி நடந்து, பறவை எழும்போது ஓரிரு முறை சுடுவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. அதைக் கொண்டு ஒரே காலையில் நூறு தோட்டாக்களைச் சுட்டால் தோள் தாங்காது. தோளைவிட மோசமாகக் கெட்டது பழக்கம்: விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொள்ளத் தொடங்கியிருந்தார். காயம் இரண்டு வாரத்தில் ஆறியது. அந்தப் பழக்கத்தை மாற்ற ஐந்து மாதம் பிடித்தது.

இங்கிலாந்தில் கிளே சுடுதல் பழகுவோருக்குப் பயிற்சி அளிப்பதும், அவர்கள் வாங்க நினைக்கும் பழைய துப்பாக்கிகளைப் பார்த்துச் சொல்வதும் என் தொழில். (கிளே என்றால் ஆங்கிலத்தில் களிமண். ஆனால் இலக்காக வானில் எறியப்படும் அந்த 11 சென்டிமீட்டர் அளவு வட்டில் களிமண் கிடையாது, சுண்ணாம்புத்தூளும் கீலும் கலந்து அழுத்திச் செய்யப்படுவது.) என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, குறைந்த பணத்தில் எந்தத் துப்பாக்கி நல்லது என்பதுதான். அதற்கு நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

அப்படிச் சொல்வதற்குச் சட்டமே இடம் தருகிறது. இங்கு ஷாட்கன் (சிறு குண்டுகளான ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி) வைத்திருக்கக் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். 2025 பிப்ரவரி முதல் புதிய சான்றிதழுக்கான கட்டணம் 194 பவுண்டு. ஆனால் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின்படி, காவல்துறை ஒப்புதல் அளித்த இடத்தில், ஒப்புதல் அளித்த நேரத்தில், சான்றிதழ் இல்லாதவரும் கிளே சுடலாம். பல மைதானங்களில் துப்பாக்கியும் வாடகைக்குக் கிடைக்கும். ஆகவே விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் மாதங்களில் நான்கைந்து வகைத் துப்பாக்கிகளைத் தோளில் வைத்துப் பார்த்துவிடலாம். அந்த அனுபவத்துக்கு ஆகும் செலவு, தவறான துப்பாக்கியை வாங்கி நட்டத்தில் விற்பதைவிட எப்போதும் குறைவே.

தோளில் வைத்துப் பார்ப்பது என்று நான் சொல்வது கடையில் ஒருமுறை தூக்கிப் பார்ப்பதை அல்ல. ஷாட்கன்னில் பின்குறி, அதாவது கண்ணருகே வைத்துக் குறிபார்க்கும் அமைப்பு, கிடையாது. உங்கள் கண்ணே பின்குறி. அந்தக் கண் எங்கே அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கன்னம் படியும் கட்டையின் உயரமும் நீளமும். துப்பாக்கி காலியாக இருப்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, கண்களை மூடி அதைத் தோளுக்குக் கொண்டுவந்து, கன்னத்தைக் கட்டையில் இயல்பாகப் படியவிட்டு, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். குழலின் மேற்பட்டை மெல்லிய சரிவாகத் தெரிந்து, அதன் நுனியில் முன்குறியாக உள்ள சிறு மணி நடுவாக நின்றால் கட்டை உங்களுக்குப் பொருந்துகிறது. பட்டை நீண்ட சாலை போலத் தெரிந்தால் கண் உயரமாக இருக்கிறது, ரவை இலக்குக்கு மேலே போகும். பட்டையே தெரியாமல் குழலின் பின்புறம் மறைத்தால் கீழே போகும்.

இதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, எந்தக் கண் ஆளும் கண், அதாவது குறிபார்க்கும்போது மேலோங்கி நிற்கும் கண், என்பது. அந்த இளைஞரை வாடகைத் துப்பாக்கியோடு நிறுத்தியபோது, "அண்ணா, ரெண்டு கண்ணையும் திறந்தா ரெண்டு குழல் தெரியுது" என்றார். வலக்கைக்காரர், ஆனால் இடக்கண் மேலோங்கியவர். பயிற்சிக் கண்ணாடியின் இடப்பக்கத்தில் விரல்நகம் அளவுக்கு ஒட்டுநாடாத் துண்டை ஒட்டியதும் குழல் ஒன்றானது. அதற்கு ஆன செலவு ஒரு பென்னிகூட இல்லை. இது தெரியாமல் துப்பாக்கியைக் குறை சொல்லி, ஒன்றை விற்று இன்னொன்றை வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வகையைப் பொறுத்தவரை நீண்ட விவாதம் தேவையில்லை. 12 போர் (குழலின் உள்விட்ட அளவு), குழல்கள் மேலும் கீழுமாக அமைந்தது, 30 அங்குலக் குழல், ஏழரை முதல் எட்டு பவுண்டு எடை: தொடங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது போதும். அரைத்தானியங்கித் துப்பாக்கி உதைப்பைக் குறைக்கும், விலையும் குறைவு. ஆனால் அதைத் துடைத்துப் பராமரிக்கப் பொறுமை வேண்டும், வெற்றுத் தோட்டாவை அடுத்தவர் மேல் எறியும். டிராப் என்ற பிரிவுக்கென்றே செய்யப்பட்ட துப்பாக்கி மலிவாகக் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். எழும்பிச் செல்லும் இலக்குக்காக அதன் கட்டை உயர்த்தி அமைக்கப்பட்டிருக்கும். கீழிறங்கும் இலக்குகளும் வரும் ஸ்போர்ட்டிங் பிரிவில் அது உங்களைக் குழப்பும்.

பட்ஜெட் ஆயிரம் பவுண்டு என்றால், புதியதைவிட நன்றாகப் பேணப்பட்ட பழையதையே நான் பரிந்துரைப்பேன். ஜப்பானின் கோச்சியில் (கேரளத்துக் கொச்சி அல்ல) செய்யப்படும் மிரோகு, இத்தாலியின் பெரெட்டா சில்வர் பீஜன் போன்றவை பல்லாயிரம் தோட்டாக்களுக்குப் பிறகும் உழைப்பவை, உதிரிபாகமும் கிடைக்கும். துருக்கித் துப்பாக்கிகளில் சில விலைக்கு மீறிய தரம் கொண்டவை, ஆனால் அலுமினியக் கலவை உடல் கொண்ட மாடல்களின் எடையை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழையதைச் சோதிக்கும்போது நம் ஊர்ச் சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே முறை இங்கும் உதவும். குழல்களைத் தனியே கழற்றி, அடியில் உள்ள கொக்கியை விரலில் மாட்டித் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டுங்கள். தெளிவாக ரீங்கரித்தால் குழல்களை இணைக்கும் பட்டை உறுதியாக இருக்கிறது. மொத்தென்று ஒலித்தால் பற்றவைப்பு எங்கோ விட்டிருக்கக்கூடும், உடனே ஒதுக்கிவிடாமல் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவரிடம் காட்டுங்கள். அடுத்து, குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியைப் பூட்டி, கட்டையைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். குழல் சிறிதளவு ஆடினாலும் பூட்டுத் தேய்ந்துவிட்டது. துப்பாக்கியைத் திறக்க மேலே உள்ள நெம்புகோல் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நின்றால் இன்னும் ஆயுள் இருக்கிறது, இடப்பக்கம் தாண்டியிருந்தால் பேரம் பேச வேண்டும். திருகாணிகளின் வாய் சிதைந்திருந்தால் அனுபவமில்லாத கை உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். எனக்கு அதுவே பெரிய எச்சரிக்கை.

குழல் முத்திரைகளையும் பார்க்க வேண்டும். லண்டன், பர்மிங்காம் சோதனை நிலையங்களிலோ அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டு நிலையங்களிலோ அழுத்தச் சோதனையில் தேறிய துப்பாக்கியில் அந்த முத்திரை இருக்கும். உட்புறத்தைத் தேய்த்துக் குழல் அளவு மீறி அகன்றுவிட்டால் முத்திரை இருந்தும் பயனில்லை. அப்படிப்பட்டதை விற்பதே இங்கு குற்றம். ஈய ரவைக்குக் கட்டுப்பாடு கொண்டுவரப்போவதாகப் பிரிட்டன் அரசு 2025இல் அறிவித்துவிட்டதால், எஃகு ரவைக்குத் தகுதியானதா என்றும் கேளுங்கள். அல்லி மலர் முத்திரை இருந்தால் உயர்திறன் எஃகுத் தோட்டாவுக்கும் அது சோதிக்கப்பட்டது. குழல்வாயின் குறுக்கமான சோக்கைக் கழற்றி மாற்றும் வசதி இருந்தால் இன்னும் நல்லது; கால் சோக்கும் அரை சோக்கும் ஸ்போர்ட்டிங்குக்குப் போதும்.

கடைசியாகப் பணக் கணக்கு. ஆயிரம் தோட்டா ஏறத்தாழ 300 பவுண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நூறு இலக்கு என்றால் ஆண்டுக்கு 2,600 தோட்டா; மைதானக் கட்டணம் சேராமலே 780 பவுண்டு. முதல் ஆண்டிலேயே துப்பாக்கியின் விலையைத் தோட்டாச் செலவு நெருங்கிவிடுகிறது. இருப்பதையெல்லாம் துப்பாக்கியில் கொட்டிவிட்டு, தோட்டா வாங்கக் காசில்லாமல் அதை இரும்பு அலமாரியில் பூட்டிவைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்த இளைஞர் தம் பழைய துப்பாக்கியை முறைப்படி விற்றுவிட்டு, வசந்தத்தில் ஒரு பழைய மிரோகுவோடு வந்தார். கட்டையில் இரண்டு கீறல், வார்னிஷ் மங்கிப்போயிருந்தது. குழலைத் தொங்கவிட்டு அவரே சுண்டிப் பார்த்தார். ரீங்காரம் அடங்கும்வரை இருவரும் பேசவில்லை. கட்டை அவருக்குச் சற்று நீளமாக இருந்தது. அரை அங்குலம் குறைக்கக் கொடுத்திருக்கிறோம்.