டைல்ஸில் சாயம் ஏன் உரிகிறது?

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் சாயம் அடிக்கும் வேலை களைகட்டிவிடும். சுவருக்கு அடித்தது போக மிச்சமிருப்பதை அடுப்படி டைல்ஸிலும் தீட்டினால் என்ன என்று தோன்றும். தீட்டலாம். பொங்கலுக்குள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும்.

காரணம், பீங்கான் டைல்ஸின் மேற்பரப்பு கண்ணாடி. களிமண் வில்லையின்மேல் சிலிக்கா கலந்த குழம்பைப் பூசி, 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடுகிறார்கள். குழம்பு உருகி, ஆறும்போது கண்ணாடிப் படலமாக இறுகுகிறது. சிமென்ட் சுவரில் நுண்துளைகள் உண்டு. சாயம் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியில் பிடிமானம் ஏது? அதனால்தான் முதலில் 220 எண் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை மங்கச் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தாம் சாயத்துக்குக் கால் ஊன்ற இடம்.

அதற்கும் முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். தாளிக்கும்போது பறக்கும் எண்ணெய்த் துளிகள் சூட்டிலும் காற்றிலும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பிசினாகிவிடுகின்றன; வெறும் தண்ணீருக்கு அசையாது. கழுவியபின் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. சீராகப் பரவினால் சரி.

டைல்ஸுக்கென விற்கும் எபாக்ஸி சாயம் இரண்டு டின்களாக வரும். ஒன்றில் பிசின், மற்றதில் பெரும்பாலும் அமீன் வகை இறுக்கி. கலந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து வலையாகின்றன. தொடங்கிய வினையை நிறுத்த முடியாது, ஆகவே தேவையான அளவு மட்டும் கலக்க வேண்டும். கோலாலம்பூரின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்பது இங்கே தொல்லை. இறுகாத அமீன், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, மேலே வெள்ளையாகப் பிசுபிசுவென்று படியும். மாலை மழைக்கு முன், சன்னலைத் திறந்து வைத்து வேலையை முடிப்பது நல்லது. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். முழுதாக இறுக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அடுப்புத் தீ நேராகப் படும் இடத்துக்கு மட்டும் நான் சாயத்தைப் பரிந்துரைக்க மாட்டேன்.

என்னைக் கேட்டால், பாதி வீடுகளில் டைல்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. அசிங்கமாகத் தெரிவது இடுக்கில் நிரப்பிய சிமென்ட், அதாவது கிரவுட். அதில் கலந்த தண்ணீரில் சிமென்ட்டோடு வினைபுரியாத பகுதி ஆவியானதும் நுண்குழாய்கள் மிஞ்சுகின்றன. மீன் குழம்பு தெறித்தால் எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்கிவிடும். மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் சிவப்பாகிறதே, அது ஆரத்தித் தட்டில் நடக்கும் அதே வினை. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும்; மஞ்சளின் நிறமியான குர்குமின், சோப்பிலும் சுண்ணாம்பிலும் உள்ள காரத்தைக் கண்டால் நிறம் மாறும். வெயிலில் குர்குமின் வெளிறிவிடும், ஆனால் அடுப்படி மூலையில் வெயிலுக்கு எங்கே போவது? நீர்த்த பிளீச் அந்தக் கறையையும் கரும்பூஞ்சையையும் வெளுக்கும்.

எலுமிச்சையும் வினிகரும் வேண்டாம். அமிலம் கிரவுட்டையே அரித்து, துளைகளைப் பெரிதாக்கும். பிளீச்சோடு அமிலம் கலந்தால் குளோரின் வாயு வரும். அடைத்த அடுப்படியில் அது ஆபத்து.

கிரவுட் நன்கு உலர்ந்தபின் அதற்கான நிறமியைத் தடவி, டைல்ஸில் வழிந்ததை உடனே துடைத்துவிட வேண்டும். டைல்ஸுக்கும் சாயம் என்றால் அதை முதலில் அடித்து, இறுகியபின் கோடுகளை வரையலாம். தொட்டி ஓரத்தில் இருப்பது சிமென்ட் இல்லை, ரப்பர் போன்ற சிலிகோன். அதில் எந்தச் சாயமும் நிற்காது. பழையதைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டு, எல்லா வேலையும் முடிந்தபின் புதிதாக வைக்க வேண்டியதுதான்.