புதுப்பயன் மருந்து: சொல்லும் பொருளும்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் தங்கச்சி ஒருத்தி, போன மாதம் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். அவள் மகனுக்குப் பத்து வயது. முதல் வகை நீரிழிவு என்று தெரிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. யாரோ அனுப்பிய செய்தி அது: குழந்தைகளின் சர்க்கரை நோய்க்கு மாற்று மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாம், பழைய பிரஷர் மாத்திரைதானாம்.

“அண்ணே, இதைக் குடுத்தா ஊசிய நிறுத்திடலாமா?”

நிறுத்தவே கூடாது. முதல் வகை நீரிழிவில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கிறது. ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். இதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் செய்தியை முழுசாகப் படித்தேன். அதில் சொன்ன ஆய்வு நிஜம், மருந்தும் நிஜம். ‘மாற்று மருந்து’ என்று யாரோ போட்ட மொழிபெயர்ப்புதான் அந்தத் தாயைத் தப்பான இடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறது.

ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருந்திருக்கக்கூடிய சொல் ‘ரீபர்ப்பஸ்ட் டிரக்’. ஒரு நோய்க்கென்று அனுமதி வாங்கி, ஏற்கெனவே கடையில் விற்கும் மருந்தை எடுத்து, வேறொரு நோய்க்கும் அது உதவுமா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். அப்படிச் சோதனைக்கு வரும் மருந்தையும், தேறி வந்த மருந்தையும் இந்தச் சொல்லாலேயே குறிக்கிறார்கள். மினாக்சிடில் நல்ல உதாரணம். 1979இல் அமெரிக்காவில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்வதைக் கவனித்தார்கள். 1988இல் அதுவே தலையில் தடவும் திரவமாக அனுமதி பெற்றது. இன்று புதுச்சேரி நேரு வீதியில் எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள்.

‘ரீபர்ப்பஸ்ட்’ என்பதற்குள் இருக்கும் ‘பர்ப்பஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நோக்கம் என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் பின்னால் இருப்பது லத்தீன் ‘புரோபோனெரே’. ‘புரோ’ என்றால் முன், ‘போனெரே’ என்றால் வை. கண்முன் வைத்துக்கொண்ட குறி என்று பொருள். தமிழில் நாம் நோக்கம் என்கிறோம், அது பார்வையிலிருந்து பிறந்த சொல். அவர்கள் முன்னே வைத்தார்கள், நாம் பார்த்தோம், இரண்டு மொழியும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்களோ இன்று இந்த மருந்து விஷயத்துக்கு ‘ரெபோசிசியோன்மான்’ என்கிறார்கள். இடம் மாற்றி நிறுத்துவது என்று அர்த்தம்.

செய்தியில் வந்த பிரஷர் மாத்திரையின் பெயர் வெராபமில். இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவருவது. சர்க்கரை ஏறும்போது பீட்டா செல்லுக்குள் ஒரு புரதம் அதிகமாகி அந்தச் செல்லையே கொல்கிறது. வெராபமில் அந்தப் புரதத்தைக் குறைக்கிறது. இதை வைத்து அமெரிக்காவில் 7 முதல் 17 வயதுக்குள் இருக்கும் 88 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2023இல் வெளியானது. எல்லாரும் நோய் கண்டுபிடித்து ஒரு மாதத்துக்குள் சேர்க்கப்பட்டவர்கள். ஒரு பிரிவுக்கு வெராபமில், இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இன்சுலின் ஊசி மட்டும் எல்லாருக்கும் தொடர்ந்தது.

52 வாரம் கழித்துப் பார்த்தபோது, வெராபமில் எடுத்தவர்களின் சி-பெப்டைடு அளவு மற்றவர்களைவிட 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்தச் சி-பெப்டைடை நம் ஊர் மல்லாட்டையை வைத்துச் சொன்னால் தங்கச்சிக்குச் சட்டென்று புரிந்தது. (மணிலாக்கொட்டை வாயில் தேய்ந்து மல்லாக்கொட்டை ஆகி, மல்லாட்டை ஆனது. மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை.) வீட்டில் மல்லாட்டை உடைத்தால் பருப்போடு தோடும் விழும். கடையில் உடைத்த பருப்பாக வாங்கினால் தோடு வராது. கணையம் இன்சுலின் செய்யும்போதும் அப்படித்தான், ஒவ்வொரு இன்சுலினோடும் ஒரு சி-பெப்டைடு வெட்டுப்பட்டு விழுகிறது. ஊசியில் போடும் இன்சுலினில் அது கிடையாது. ரத்தத்தில் எவ்வளவு தோடு கிடக்கிறது என்று எண்ணினால், வீட்டுக் கணையம் இன்னும் எவ்வளவு உடைக்கிறது என்று தெரிந்துவிடும்.

‘புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு’ என்று இந்த ஆய்வுகள் ஏன் அழுத்திச் சொல்கின்றன என்பதும் இதிலேயே இருக்கிறது. நோய் தெரியவரும் நாளில் கொஞ்சம் பீட்டா செல்கள் இன்னும் உயிரோடு இருக்கும். இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்த மருந்து, போனதைத் திருப்பிக் கொண்டுவர அல்ல. மூட்டுவாத மருந்தான பாரிசிட்டினிபை ஆஸ்திரேலியாவில் 91 பேரிடம் சோதித்தபோதும், கண்டுபிடித்து 100 நாளுக்குள் இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். அந்த முடிவும் 2023இல்தான் வந்தது. அதிலும் சொந்தச் சுரப்பு கூடுதலாகத் தங்கியது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

‘மாற்று’ வேண்டவே வேண்டாம். மாற்றுச் சாவி, மாற்றுப் பேருந்து என்கிற காதுக்கு, ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று என்றுதான் அது கேட்கும். இங்கே பதிலாக என்பது இன்சுலினுக்குப் பதிலாக என்று ஆகிவிடுகிறது. இதைவிட ஆபத்தான மொழிபெயர்ப்பு இந்த நோயில் எனக்குத் தோன்றவில்லை.

‘மறுநோக்கு மருந்து’ என்பது சொல்லுக்குச் சொல் வைத்தது. மறுபடி பார்ப்பது என்றுதான் படுகிறது, தீர்ப்பை மறுபரிசீலனை செய்வதுபோல.

‘மறுபயன்பாட்டு மருந்து’ பற்றி ரொம்ப நேரம் யோசித்தேன். இலக்கணப்படி குறை சொல்ல முடியாது. ‘மறு’ என்றால் மற்றது என்றும் பொருள் உண்டே. கெடிலம் ஆற்றின் மறுகரை என்றால் இரண்டாம் முறை வரும் கரையா என்ன? ஆனால் மறுபயன்பாடு என்ற சொல்லை பிளாஸ்டிக் பையும் தண்ணீர் பாட்டிலும் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. ஆஸ்பத்திரியில் அதைச் சொன்னால், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுகிறார்களோ என்றுதான் பயம் வரும்.

எங்கள் கடற்கரையில் வலை கிழிந்தால் முடிச்சுப் போட்டு மறுபடி கடலுக்குக் கொண்டுபோவார்கள். அது மறுபயன்பாடு. இனி முடிச்சுப் போட முடியாத வலையை வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தியைச் சுற்றிக் கட்டினால், மீன் பிடித்த வலை கோழியைத் தடுக்கிறது. அதே வலைக்கு வேறு வேலை. இந்த மருந்தும் அதே மருந்துதான், நோய்தான் வேறு. அதனால் ‘புதுப்பயன் மருந்து’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வினையாகச் சொல்லும்போது ‘புதுப்பயனுக்குக் கொண்டுவருதல்’ எனலாம். நம் நாட்டுச் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, அனுமதி பெற்ற பழைய மருந்தையே வேறொரு நோய்க்கென்று விற்க வந்தால் அது ‘புதிய மருந்து’ கணக்கில்தான் சேரும். பெரியவரின் இதயத்துக்குப் பழகிய மருந்து ஒரு பத்து வயதுப் பையனுக்கு ஒத்துப்போகுமா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு குறை உண்டு. ‘புதுப்பயன்’ என்றதும் பயன் உறுதியாகிவிட்டது என்று நினைத்துவிடலாம். அதனால் சோதனை முடியாதவரை ‘ஆய்விலுள்ள’ என்ற அடைமொழியை விடக் கூடாது. வெராபமில் ஆய்விலேயே, சி-பெப்டைடு கூடியிருந்தும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவில் இரு பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தங்கச்சியின் செய்தியை அவள் நோட்டிலேயே திருத்தி எழுதினேன்: “முதல் வகை நீரிழிவு புதிதாகத் தெரியவந்த பிள்ளைகளுக்கு, இன்சுலின் ஊசியோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்க, ஆய்விலுள்ள புதுப்பயன் மருந்து.” ‘ஊசியோடு சேர்த்து’ என்ற இடத்தில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள்.

“நம்ம பக்கம் எங்கியாவது இந்த ஆய்வு நடக்குதாண்ணே?”

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். காசில்லாமல் யாரும் தேடிப் பார்க்கலாம். வெராபமில், பாரிசிட்டினிப் என்று இரண்டு பெயரையும் கீழே எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் பையனை டாக்டரிடம் காட்டப் போகும்போது நோட்டையும் எடுத்துப் போவதாகச் சொன்னாள்.